சிக்குக் கோலம்: மாடல் கம்பியை மூடிவிட்டது, பேனாதான் மூடமாட்டேன் என்கிறது

அம்மா பாதி, நான் பயிற்றுவித்த ஏஐ மாடல் பாதி என்று பங்கு போட்டு வரைந்த 7க்கு 7 நேர்ப்புள்ளிக் கோலம் ஒருவழியாக ஒரே கம்பியாக வந்துவிட்டது. பிளாட்டர் (பேனாவைப் பிடித்துத் தாளில் வரையும் இயந்திரம்) ஏ3 தாளில் போட்டு முடித்ததும், அம்மா கம்பியின் மேல் விரல் வைத்து ஒரு முழுச் சுற்று வந்தார். "சரிதான், எங்கயும் விட்டுப்போகல. ஆனா இந்த ஓரத்துல கம்பி ஒட்டலையே" என்றார். முதல் பாதி மாடலுக்குக் கிடைத்த பாராட்டு. இரண்டாம் பாதிக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ஸ்கெட்ச்-ஆர்என்என் வழியில்தான் போனேன். 2017இல் கூகுளின் டேவிட் ஹா, டக்ளஸ் எக் இருவரும் வெளியிட்ட, கோட்டுப்படம் வரையும் மாடல் அது. படத்தைப் பிக்சல்களாகப் பார்க்காமல் பேனா நகர்வுகளாகப் பார்க்கும்: குறுக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு, பேனா தாளில் இருக்கிறதா, தூக்கியாயிற்றா, படம் முடிந்ததா என்று ஒவ்வொரு அடிக்கும் 5 எண்கள். பிளாட்டர் வைத்திருப்பவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன? பூனையோ பேருந்தோ வரைய அது போதும், கோடு கொஞ்சம் விட்டுப்போனாலும் பூனை பூனைதான். சிக்குக் கோலத்தில் அந்தப் பருப்பு வேகாது. ஒவ்வொரு அடியிலும் துளித் துளியாகப் பிசகு சேரும். கடைசியில் கிளம்பிய புள்ளிக்குப் பக்கத்து வரிசையில் போய் நிற்கும். டெம்பரேச்சரை (மாடல் எவ்வளவு துணிந்து ஊகிக்கலாம் என்ற அளவை) குறைத்தால் ஒரே வளைவைத் திரும்பத் திரும்பப் போடும், கூட்டினால் புள்ளியின் மேலேயே ஏறி ஓடும். எத்தனை கோலம் ஊட்டினாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வரவேண்டும் என்பது அதற்குப் பிடிபடவே இல்லை.

வழி கிடைத்தது நம்ம ஊர்ப் பழைய ஆராய்ச்சியைப் புரட்டியபோது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தைக் கணினி இலக்கணமாக, அதாவது விதிகளாக, எழுதலாம் என்று 1974லேயே கட்டுரை போட்டிருக்கிறார்கள். அவர்கள் முறையை நான் அப்படியே எடுக்கவில்லை. கோடாகப் பார்க்காமல் கட்டமைப்பாகப் பார் என்ற புத்தி அங்கிருந்து வந்தது.

நான் செய்தது இதுதான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவே கம்பி குறுக்கே வெட்டிக்கொள்கிறதா, இல்லை வெட்டாமல் வளைந்து திரும்புகிறதா? வெட்டினால் 1, திரும்பினால் 0. அவ்வளவுதான் கோலம். 5க்கு 5 என்றால் இப்படி 40 இடங்கள், அதில் போடக்கூடிய கோலங்கள் 1 லட்சம் கோடிக்கு மேல். எந்த இடத்தில் எதைப் போட்டாலும் கம்பி தானாக மூடிக்கொள்ளும், திறந்த முனை என்ற பேச்சே இல்லை. மாடல் இனி கோடு வரைய வேண்டாம், 0, 1 ஊகித்தால் போதும். அம்மா போட்ட பாதியை அப்படியே வைத்துவிட்டு, மறைத்த மீதியை நிரப்பும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வகை மாடல். என் லேப்டாப்பிலேயே ஓடுகிறது.

பயிற்சிக்கு அம்மாவின் கோல நோட்டுகள். கோலத்தைத் திருப்பியும் கவிழ்த்தும் போட்டால் ஒன்று எட்டாகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நோட்டில் இருப்பதோ பெரும்பாலும் நாலு பக்கமும் ஒத்துப்போகிற கோலம், எப்படித் திருப்பினாலும் அதே கோலம்தான் வருகிறது! கடைசியில் பெரிய கோலங்களிலிருந்து சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி எடுத்துத்தான் தரவைப் பெருக்கினேன்.

அடுத்த சிக்கல், கம்பி மூடுகிறது, ஆனால் ஒரே கம்பியாக இருப்பதில்லை. எல்லா இடத்திலும் 1 போட்டுப் பாருங்கள்: 7க்கு 8 புள்ளியில் ஒரே கம்பி, 7க்கு 7இல் தனித்தனியாக 7 கம்பி. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை கம்பி. நான் 7க்கு 7 கேட்டது வம்பை விலைக்கு வாங்கிய மாதிரிதான், அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும் என்பதால் வேறு வழியில்லை. மாடல் நிரப்பிக் கொடுத்தபோது 3 கம்பி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்துத் திரையில் காட்டினேன். அம்மா பார்த்தவுடன், "ரெண்டு நிறம் குறுக்க போற இடத்துல ஒண்ணப் பிரிச்சு விடுடா, சேர்ந்துக்கும்" என்றார். உண்மைதான். வேறு வேறு கம்பிகள் சந்திக்கும் இடத்தில் 1ஐ 0 ஆக்கினாலும் 0ஐ 1 ஆக்கினாலும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே கம்பி தன்னைத்தானே வெட்டும் இடத்தில் இதைச் செய்தால் ஒன்று இரண்டாக உடையவும் வாய்ப்பு உண்டு.

எனவே இப்போது நிரல் இரு நிறம் சந்திக்கும் இடங்களைத் தேடி, அவற்றில் மாடல் எங்கே அரைமனதாக முடிவெடுத்ததோ அந்த இடத்தைத் திருப்புகிறது. மாடலின் பாதியில்தான் கை வைக்கும். கடைசிக் கம்பி அம்மாவின் பாதிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. "என் பக்கத்துல ஒண்ணே ஒண்ணு பிரிச்சுக்கோ" என்று அனுமதி வந்தது. இடத்தையும் அவரே காட்டினார்.

டெம்பரேச்சர் பற்றி ஒரு வார்த்தை. 0.4 பக்கம் வைத்தால் மாடல் அம்மாவின் பாதியைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டுவிடுகிறது, அதற்கு மாடல் எதற்கு? 1ஐத் தொட்டால் "இது யாரு வீட்டு வாசல்?" என்கிறார் அம்மா. நடுவில் எங்கோ ஒரு இடத்தில் மட்டும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்க்கிறார், அங்கேதான் வைத்திருக்கிறேன்.

இப்படிப் பங்கு போட்டு வரைவது புதிதில்லை. ஓவியர் ஹெரால்ட் கோஹன், தான் எழுதிய ஆரோன் என்ற வரையும் நிரல் ஆரம்ப காலத்தில் போட்ட கோட்டோவியங்களுக்குத் தன் கையாலேயே வண்ணம் தீட்டினார். 2016இல் இறக்கும்வரை அந்த நிரலை விடவில்லை. ஓவியர் சௌக்வென் சங் தன் பழைய ஓவியங்களையே ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்து, அதோடு ஒரே தாளில் வரைகிறார். யாருடைய கோடு யாருடையது என்று அவர்கள் விஷயத்தில் மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தகராறு இல்லை, கோலம் அம்மாவுடையது, பிசகு என்னுடையது.

சரி, அந்த ஒட்டாத ஓரம். கணக்கில் மூடிய கம்பி தாளில் அரை மில்லிமீட்டர் விட்டு நிற்கிறது. காரணம் பேனாவை நகர்த்தும் பெல்ட்டின் தளர்ச்சி. மோட்டார் திசை மாறும்போது அந்தத் தளர்ச்சி அளவுக்குப் பேனா நகராது. பேனா தொடக்கப் புள்ளிக்கு ஒரு திசையிலிருந்து வந்து இறங்குகிறது, கோலம் முடித்து வேறு திசையிலிருந்து வருகிறது, இரண்டும் ஒரே இடமில்லை. ஜிடி2 என்ற பல் வைத்த பெல்ட் என்று இணையக் கடை ஒன்று அனுப்பியது கண்ணாடி இழையே இல்லாத வெறும் ரப்பர், பெயர் வேண்டாம். இழுத்தால் நீள்கிறது. மோட்டாருக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 80 ஸ்டெப் என்று நான் எவ்வளவு துல்லியமாக வைத்து என்ன பயன்? அடுத்த முறை சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் கையால் இழுத்துப் பார்த்துத்தான் வாங்கப்போகிறேன், பேனாவைத் தூக்கி இறக்கும் எம்ஜி90எஸ் செர்வோ மோட்டாரை அங்கேதான் வாங்கினேன், இன்றுவரை முனகவில்லை.

பெல்ட் வரும்வரை ஒட்டுவேலை: பேனாவைத் தூக்கியபடியே தொடக்கப் புள்ளிக்கு 5 மிமீ பின்னாலிருந்து, கம்பி முடிவில் வரப்போகும் அதே திசையில் ஓடவிட்டுப் பிறகு இறக்குகிறேன். முடிவில் 2 மிமீ மேலேறிப் போகச் சொல்கிறேன். இடைவெளி போயே போச்சு. ஆனால் பேனாவை அசைக்கச் சொல்லும் எம்3 கட்டளை வந்தால், பிளாட்டரை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள் நகர்வை நிறுத்திவிட்டுத்தான் செர்வோவை அசைக்கும், அந்த இடைவேளையில் ஜெல் பேனா மையைக் கக்கிவிடுகிறது. ஜி4 கட்டளையின் காத்திருப்பை 0.15 நொடிக்குக் குறைத்தேன், பொட்டு சிறிதானதே தவிரப் போகவில்லை. இப்போது தொடக்கப் புள்ளியை ஏதாவது ஒரு வெட்டுக்கு நடுவில் வைத்துவிட்டேன், இரண்டு கோடு சந்திக்கும் இடத்தில் பொட்டு அவ்வளவாகத் தெரியாது. அம்மா கண்டுபிடித்துவிடுகிறார். ஃபைன்லைனர் போட்டால் பொட்டே வராது, கோடு மெலிந்திருக்கிறது என்று அதுவும் வேண்டாமாம்.

இதற்கிடையே பேனாவைக் கழற்றிவிட்டுக் கோலமாவு விடும் புனல் செய்யவும் ஆரம்பித்திருக்கிறேன். அரிசிமாவு ஈரத்தில் கட்டிதட்டி அடைக்கிறது, கல்மாவு நன்றாக இறங்குகிறது, நிறுத்தத்தான் தெரியவில்லை. புனலுக்குள் சின்ன திருகு வைத்து இன்னொரு நீமா 17 மோட்டாரால் சுற்றலாமா, செல்போன் அதிர்வு மோட்டாரே போதுமா? செய்து பார்த்தவர்கள் திருகின் அளவைச் சொன்னால் புண்ணியமாகப் போகும். இடைப்புள்ளிக் கோலத்துக்கு மாடலை மாற்றும் வேலை அதற்கப்புறம்தான்.