ஏழரை நம்பர்

என் காலின் அளவு ஏழரை. தமிழனாகப் பிறந்தவன் நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்லக்கூடாத நம்பர். திருகோணமலைக் கடைகளில் ஏழு இருக்கும், எட்டு இருக்கும், நான் கேட்பது மட்டும் இருக்காது. "கன்னியாவில வெந்நீர்க் கிணறே ஏழுதான் அண்ணை, ஏழரைக்கு நான் எங்க போற?" என்று ஒரு கடைப் பெடியன் கேட்டேவிட்டான். ஏழைப் போட்டால் கடிக்கும். எட்டைப் போட்டால் நான் ஒரு அடி வைத்த பிறகு அது தனியாக ஒரு அடி வைக்கும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாலி கட்டும்போது வெறுங்கால், பிரச்சினை இல்லை. பின்னேர வரவேற்புக்குத் தாய்மாமன் கோட்டும் சூட்டுமாக நொண்ட முடியுமா? மனிசியின் தம்பி, சப்பாத்துத் தைக்கிறவர்களுக்குப் பசையும் ரெக்சினும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். "வாங்க அத்தான், பக்ரறிக்கே கூட்டிப்போறன்" என்றார்.

புகைபோக்கி, சங்கு என்று ஏதேதோ நினைத்துக்கொண்டு போனேன். அன்புவழிபுரம் பக்கம் ஒரு வீட்டின் பின்வளவில் தகரக் கொட்டில். உள்ளே ஏழெட்டுப் பேர். வாசலைக் கண்டதும் என் கால் தானாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. கோணேசர் கோயிலுக்கு ஏறிப் பழகிய கால், அதற்கு என்ன தெரியும்? உள்ளே வைத்த மூன்றாவது அடியில் ஒரு குட்டி ஆணி குதிக்காலில் ஏறியது.

"சப்பாத்து செய்யிற இடத்துக்கு வெறுங்காலோட வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார் பெரியவர். அவர்தான் அங்கே எல்லாம். மேசைக்கடியில் கிடந்த யாருடையதோ ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டேன். அது ஒன்பது நம்பர்.

சுவர் முழுக்கக் கால்கள். பயப்பட வேண்டாம், அச்சுக்கட்டைகள். முன்பு மரம், இப்போது பிளாஸ்ரிக். நான் நினைத்திருந்தது தோலை வெட்டித் தைத்து, பிறகு அதற்குள் காலை விடுகிறார்கள் என்று. அப்படியில்லை. முதலில் கட்டை, அதன்மேல்தான் சப்பாத்து உருவாகிறது. அதாவது கடையில் விற்கிற சப்பாத்து எனக்கு முன்னால் வேறொரு காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது. கடிக்காமல் என்ன செய்யும்?

நம்பர் எப்படி வருகிறது என்று கேட்டேன். எங்கள் கடைகளில் இருப்பது ஆங்கிலேயக் கணக்கு. ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒன்று, அதுதான் நம்பருக்கு நம்பர் வித்தியாசம். கிட்டத்தட்ட எட்டரை மில்லிமீற்றர். அப்படியென்றால் அரை நம்பர் நாலு மில்லிமீற்றரும் கொஞ்சமும். இத்தனை வருடம் என்னை நொண்ட வைத்தது அரைக் கோதுமை மணி!

"ஏறி நில்லுங்கோ" என்று ஒரு கடதாசியைக் கீழே போட்டார். இருந்துகொண்டு அளக்கக்கூடாதாம், பாரம் இறங்கினால்தான் பாதம் விரியும். பின்னேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும், அதனால் அந்த நேரம் அளப்பது நல்லதாம். பென்சிலால் சுற்றிக் கீறினார், விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தில் நாடாவைச் சுற்றினார். பிறகு சிரித்தார்.

"தம்பி, உங்கட இடது கால்தான் ஏழரை. வலது ஏழு."

ஏழரைச் சனியில் கடைசிப் பகுதிக்குப் பாதச் சனி என்று பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி. பெரியவர் ஒரு கட்டை முழுக்க மாஸ்கிங் ரேப்பைச் சுற்றி ஒட்டினார். அதன்மேல் பென்சிலால் சப்பாத்தை வரைந்தார்: இங்கே தையல், இங்கே லேஸ், இங்கே வாய். பிறகு கத்தியால் கீறி, தோடம்பழத் தோலை உரிப்பதுபோல ரேப்பை உரித்து மட்டையில் ஒட்டினார். உருண்டையாக இருந்தது தட்டையாகப் படுக்க மறுத்து ஓரத்தில் சுருங்கியது. அதை நீவிச் சமாளித்து, அடியில் மடிக்க ஒன்றரைச் சென்ரிமீற்றர் கூட்டி வெட்டினால் அதுதான் வெட்டு அச்சு. வடிவமைப்பு என்றால் கணினி என்று நினைத்திருந்தேன். ஒரு ரேப்பும் ஒரு பென்சிலும்!

தோல் வெட்டும் இடத்தில் ஒரு துண்டை இழுத்துக் காட்டினார்கள். முதுகுத் தோல் இறுக்கம், அது சப்பாத்தின் முன்பக்கத்துக்கு. வயிற்றுத் தோல் இழுபடும், அது கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு. மச்சான் என் வயிற்றைப் பார்த்தார். நான் கவனிக்காததுபோல நகர்ந்துவிட்டேன்.

தைத்த தோலைக் கட்டையில் போட்டு இழுப்பதுதான் உயிர் போகிற வேலை. குறட்டின் தலையிலேயே சுத்தியலும் இருக்கிறது. முனையை இழுத்து ஒரு ஆணி, பக்கத்தில் இழுத்து ஒரு ஆணி, மிச்ச ஆணிகள் வாயில். 1883-இலேயே ஜான் மாட்செலிகர் என்பவர் அமெரிக்காவில் இதற்கு இயந்திரம் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிவிட்டார். அன்புவழிபுரத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாக்கப்போறீங்களா?" என்றார் பெரியவர். நான் உற்சாகமாகத் தலையாட்டினேன். அவர் கண் காட்ட, ஒரு பெடியன் வெளியே போய் ஒரு பழைய சப்பாத்தோடு வந்தான். வாளால் நீளவாக்கில் இரண்டாக அறுத்தார்.

"பாருங்கோ, குதியில வெறும் காட்போட். இந்த நடு வளைவில ஒரு இரும்புத் தகடு இருக்கவேணும், அதுவும் இல்ல. இதுக்குக் காசு குடுத்தவன் ஒரு மடையன்."

"மடையன்தான்" என்றேன் நானும். சொல்லிக்கொண்டே அறுந்து தொங்கிய லேஸைப் பார்த்தேன். முனை பிய்ந்துபோனதென்று மனிசி பச்சை நூலால் சுற்றிக் கட்டிய லேஸ்.

பெரியவர் பதறிப்போனார். திருத்தக் கொண்டுவந்தது என்று நினைத்தாராம். பத்து நாளில் புதுச் சோடி, இடதுக்கு ஏழரை, வலதுக்கு ஏழு, விலையிலும் கழிவு என்றார். ஒன்பது நம்பர் செருப்பின் சொந்தக்காரர் அதற்குள் வேலை முடிந்து அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மச்சானின் மோட்டார் சைக்கிளில் வெறுங்காலோடு, மடியில் ஒரு சொப்பிங் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

மனிசி என் காலைப் பார்த்தாள்.

"எந்தக் கோயிலில துலைச்சனீங்கள்?"

நான் பையைத் திறந்து காட்டினேன். அவள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மற்றப் பாதி எங்க?"