தாழைக் கடலுக்குப் பெடல் கயாக்கா, துடுப்புக் கயாக்கா?

மீன்பிடிக்கக் கயாக் எனும் சிறு படகை வாங்குபவர்கள் கேட்கும் கேள்வி இது. தாழை என்றால் இங்கே கடலடியில் வளரும் கடற்புல். பதில் மீனில் இல்லை, அடித்தரையில் இருக்கிறது. மண்டபத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் பாரும் (கடலடித் திட்டு) பாறையும். வடக்கே பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு, அடியெங்கும் தாழை.

பெடலில் இரண்டு வகை. புரொப்பெல்லர் வகையைச் சைக்கிள் மாதிரி மிதிக்கலாம், பின்னோக்கி மிதித்தால் உடனே பின்வாங்கும். ஆனால் ஏறக்குறைய ஒன்றரை அடி கீழே தொங்கும். தாழை சுற்றினால் மிதி கனக்கும். அப்போதே டிரைவை, அதாவது பெடலும் புரொப்பெல்லரும் சேர்ந்த பொறியை, தூக்கி இலையை அறுத்தெடுங்கள். கூடுதலாக அழுத்தினால் பல மாடல்களில் ஷியர் பின் உடையும். கியர் தப்பிக்கத்தான் அந்தப் பின்னை உடையும்படி வைத்திருக்கிறார்கள். மாற்றுப் பின் இரண்டும் குறடும் பையில் இல்லாமல் இறங்காதீர்கள்.

இன்னொன்று சிறகு வகை. ஹோபி நிறுவனத்தின் மிராஜ் டிரைவ் போன்றவற்றில் இரண்டு சிறகுகள் பக்கவாட்டில் அடிக்கும். ஒரு பெடலை முழுக்க முன்னே தள்ளினால் அவை அடிப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். தாழையும் பெரும்பாலும் வழுக்கிவிடும். வலை மிதவை தெரிந்தாலும் அப்படியே மடக்கிக் கடக்கலாம். வடகடலுக்குப் பெடல்தான் வேண்டும் என்றால் இந்த வகையையே வாங்குங்கள்.

தேவிபட்டினம் பக்கம் முழங்கால் தண்ணீரில் சுற்றுவதற்குத் துடுப்பே போதும், பெடலுக்குக் கொடுக்கும் பணம் வீண். துடுப்புக் கயாக்கின் எடை பெரும்பாலும் 25–35 கிலோதான். பெடல் கயாக்குகள் பல 45 கிலோவைத் தாண்டும், மணலில் தள்ளுவண்டி இல்லாமல் இழுக்க முடியாது. அகலமான, உயர இருக்கை கொண்ட கயாக்குக்கு 240–260 செ.மீ. துடுப்பு எடுங்கள். குட்டையானது விளிம்பில் இடிக்கும்.

தூண்டிலுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதுதான் பெடலின் பெரிய லாபம். பாருக்கு மேலே காற்றை எதிர்த்து மிதித்தபடி விளைமீனுக்கு இரை இறக்கலாம், சீலாவுக்கு இழுவைத் தூண்டில் விடலாம். துடுப்புக் கயாக்கில் துடுப்பைக் கீழே வைத்த நொடியே காற்று நகர்த்திவிடும்.

தென்மேற்குக் காற்றுக் காலத்தில்தான் ஏமாறுவார்கள். தென்கடல் கொந்தளிக்க, வடகரையோரம் தட்டு மாதிரி கிடக்கும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. ஒரு கிலோமீட்டர் போனபின் அலை எழும்பும், திரும்புவது முழுக்க எதிர்காற்றில். எனவே முதலில் காற்றுக்கு எதிராகக் கரையோரமாகவே போய், பிறகு மீன்பிடியுங்கள். பெடல் கயாக்கிலும் ஒரு துடுப்பைக் கயிற்றோடு கட்டி வையுங்கள். கரையேறும்போது டிரைவைத் தூக்கிவிட்டுத் துடுப்பால்தான் வரவேண்டும். மறந்தால் சிறகின் கம்பி வளையும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் கயாக்கைத் திருப்பாதீர்கள்.