வலங்கைமானில் மறுபடியும் 2009

போன மாதம் திருநள்ளாறில் நல்லெண்ணெய் விளக்கு வியாபாரம் கொஞ்சம் தூக்கலாக இருந்திருந்தால், அதற்கு எங்கள் பெரியப்பா ஜாதகம் போடும் கம்ப்யூட்டர்தான் காரணம். சனி பகவானுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் பாட்டுக்கு அவர் இருந்த ராசியில் இருந்தார்.

வியாழக்கிழமை மாதாந்திர மின்தடை. சாயங்காலம் கரண்ட் வந்த கையோடு பெரியப்பாவிடமிருந்து போன்.

"ஆயி, நீலமா ஒண்ணு வருது. படிக்கறதுக்குள்ள போயிடுது. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்குது."

எஃப்8 தட்டச் சொல்லி, கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அவ்வளவு சொல்வதற்குள் சென்னையில் என் ஆபீஸ் மீட்டிங் ஒன்று முடிந்தேவிட்டது. நீலத் திரை நின்றது. கீழே 'ஸ்டாப்' என்று ஒரு எண் இருக்கும், அதன் கடைசி ரெண்டு எழுத்து மட்டும் போதும் என்றேன். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவரிடம் கடைசி ரெண்டு எழுத்து மட்டும் கேட்கலாமா?

"இரு, வரிசையா வரேன். சுழி. எக்ஸ். சுழி. சுழி. சுழி. சுழி. சுழி. சுழி. ஏழு. பி."

ஏழு பி. பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினைத் தொட்டவர்களுக்கு இதைக் கேட்டதுமே வயிற்றைக் கலக்கும். விண்டோஸ் பாதி எழுந்து, மீதி தன்னை எடுத்துக்கொள்ள ஹார்ட் டிஸ்க்கைத் தேடுகிறது, டிஸ்க் அதன் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். டிஸ்க் நல்லபடியாக இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

கோயம்புத்தூர் அண்ணனுக்குச் சொன்னால் "அதைத் தூக்கிப் போடச் சொல்லு, புதுசு வாங்கித் தரேன்" என்பான். ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறான். ஜாதக சாஃப்ட்வேர் எக்ஸ்பியில்தான் ஓடும். அதன் பூட்டு ஒரு டாங்கிள், பழைய பிரிண்டர் சொருகும் 25 பின் போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. புது லேப்டாப்பில் அந்தப் போர்ட்டே கிடையாது. சாஃப்ட்வேர் விற்றவர் எங்கே போனார் என்று அவர் ஜாதகத்தைப் பார்த்தால்தான் தெரியும். பெரியப்பா அந்த டாங்கிளுக்கு ஆயுத பூஜையில் தனியாகச் சந்தனம் வைக்கிறவர்.

சனிக்கிழமை காலையில் போய் இறங்கினேன். ஆடி மாசம், குடமுருட்டியில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. அதை நின்று பார்க்க விட்டால்தானே. செருப்பைக் கழற்றுவதற்குள் கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டார்.

டெலிட் கீயைத் தட்டி பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முந்தின செட்டிங் திரைக்குள், போனேன். டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்று சொல்லும் சேட்டா மோட் என்ற இடத்தில் ஏஹெச்சிஐ என்று இருந்தது. விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. எக்ஸ்பி வந்தது 2001-ல். ஏஹெச்சிஐ என்கிற முறையே 2004-ல்தான் வந்தது. அதனால் எக்ஸ்பி சிடியில் அதற்கு டிரைவர், அதாவது அந்த முறையை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சாஃப்ட்வேர், கிடையாது. இந்த மெஷினை வாங்கிய 2009-ல் எக்ஸ்பி போட்டுக் கொடுத்த புண்ணியவான், டிரைவருக்கு மெனக்கெடாமல், பயாஸில் அதை ஐடிஇ என்கிற பழைய முறைக்கு மாற்றிவிட்டு வேலையை முடித்திருக்கிறார். தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அந்த மாற்றத்தை பயாஸ் ஞாபகம் வைத்திருப்பது மதர்போர்டில் இருக்கும் எட்டணா சைஸ் பேட்டரியின் தயவில். பேட்டரி செத்தால் போர்டு தன் சொந்த வழக்கத்துக்குத் திரும்பிவிடும். இந்தப் போர்டின் வழக்கம் ஏஹெச்சிஐ.

ஐடிஇ ஆக்கினேன். அதே திரையில் மேலே தேதி: 2 ஜனவரி 2009.

"பெரியப்பா, தேதி தப்பா இருக்கே?"

"அது அப்படித்தான் காட்டும். நான் செவத்துக் காலண்டரைப் பாத்துக்குவேன்."

"அப்படித்தான்னா? எப்பலேர்ந்து?"

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. ஆனி மாசமும் ஒருநாள் கரண்ட் போய் இதே நீலத் திரை வந்திருக்கிறது. டவுனிலிருந்து ஒரு தம்பி வந்து சரி செய்துவிட்டு, "சார், பின்னாடி சுவிட்சை மட்டும் அணைச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எவ்வளவு விவரம் பாருங்கள்! பிளக்கில் கரண்ட் இருக்கிற வரைக்கும், மெஷினை ஷட்டவுன் செய்தாலும், எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை வழியாகக் கொஞ்சம் கரண்ட் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், பயாஸ் எதையும் மறக்காது. இவ்வளவு தெரிந்தவன் வாட்ச் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றவில்லை. தேதியையும் திருத்தவில்லை.

ஆக, ஆனியிலிருந்து வியாழக்கிழமை வரை பெரியப்பா 2009-ல்தான் ஜாதகம் பார்த்திருக்கிறார்.

பார்த்திருக்கிறார் என்பதுகூட அபாண்டம். அவர் பிறந்த தேதியையும் நேரத்தையும் அடிப்பார், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கிறீச்சிடும், காகிதத்தை மஞ்சள் தடவி நீட்டுவார். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து படிப்பது வந்தவர்கள் பொறுப்பு. பிறந்த ஜாதகத்துக்கு எந்தச் சேதமும் இல்லை, அது பிறந்த நாளை வைத்துப் போடுவது. நடப்பு தசையும், கிரகங்கள் இப்போது எந்த ராசியில் என்று பார்க்கும் கோசாரமும்தான் இன்றைய தேதியை மெஷினைக் கேட்டுப் போடுபவை. மெஷின் 2009 ஜனவரி என்றது. அந்த ஜனவரியில் சனி சிம்மத்தில். கடகம், சிம்மம், கன்னி மூன்றுக்கும் ஏழரைச் சனி.

மேஜை மேல் கார்பன் நகல் கட்டு இருந்தது. புரட்டினேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடி எழுத்தில் ஜனவரி, பிப்ரவரி 2009. தெருவில் பாதிப் பேருக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அத்தை கடகம். அவருக்கு ஏழரை முடிந்தது 2009 செப்டம்பரில். இந்தக் காகிதத்தை நம்பிப் போன சனிக்கிழமைதான் வேன் வைத்துத் திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் முங்கி வந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் இது ஒரு சௌகரியம். குருவுக்கு ஆலங்குடி, ராகுவுக்குத் திருநாகேஸ்வரம், சுக்கிரனுக்குக் கஞ்சனூர் என்று ஒன்பது பேரும் பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். தப்பான பலனுக்கும் உடனே பரிகாரம் செய்துவிடலாம்.

பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் போதும்தான். ஆனால் எங்கள் ஊர்க் கரண்டையும் பெரியப்பாவையும் நம்பி ஐடிஇ-யில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. போர்டு எந்தப் பக்கம் விழப்போகிறதோ அந்தப் பக்கமே பாயைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதாவது எக்ஸ்பிக்கே ஏஹெச்சிஐ டிரைவரைப் போட்டுவிடுவது. அப்புறம் பேட்டரி செத்தாலும் மெஷின் எழும்.

புதிதாக இன்ஸ்டால் செய்வதாக இருந்தால் எஃப்6 தட்டி டிரைவரை பிளாப்பியில் கொடுக்க வேண்டும். பிளாப்பியில் மட்டும்தான் கேட்கும். பென் டிரைவ், சிடி எதையும் மதிக்காது. பிளாப்பி இருக்கா என்று பெரியப்பாவைக் கேட்டேன். "ஏன் இல்லாம?" என்று எழுந்து போய், காபி டவராவுக்கு அடியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். ஷட்டரைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே தட்டில் பூசணம் வட்ட வட்டமாகக் கோலம் போட்டிருந்தது, நடுவில் டிகாஷன் கறை. திரும்ப டவராவுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். நல்ல வேளை, ஓடுகிற விண்டோஸில் பிளாப்பி தேவையில்லை.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் இன்னொரு வேடிக்கை. டிஸ்க்கைக் கவனிக்கும் சிப் ஒன்றுதான், இன்டெல் ஐசிஹெச்9 ஆர். ஆனால் ஐடிஇ மோடில் தன் எண்ணை 2920 என்று சொல்லும், ஏஹெச்சிஐ மோடில் 2922 என்று சொல்லும். அதனால்தான் எக்ஸ்பி யாரோ எவரோ என்று முழிக்கிறது. 2920-க்கு டிரைவர் அப்டேட் கொடுத்து, பென் டிரைவில் இருந்த ஃபைலைக் காட்டி, பட்டியலில் 2922-க்கு உரிய வரியைத் தேர்ந்தெடுத்தேன். இது பொருந்தாது, வேண்டாம் என்று விண்டோஸ் எச்சரித்தது. எஸ் கொடுத்தால் கடைசியில் ரீஸ்டார்ட் கேட்டது. எண்டர் தட்டப் போனேன்.

"ஆயி! சனிக்கிழமை. ஒம்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். கைய எடு."

ஏழு ரிமோட் சர்வர்களை ராகு காலம் எமகண்டம் பார்க்காமல் ரீஸ்டார்ட் செய்கிறவள் நான். பத்தரை வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா ரெண்டாவது டோஸ் காபி கொடுத்தார். பத்து முப்பத்தொன்றுக்கு எண்டர். எழுவதற்குள் பயாஸில் நுழைந்து ஏஹெச்சிஐ. எக்ஸ்பி லோகோ வந்தது, பச்சைப் புல்வெளி வந்தது. "பாத்தியா?" என்றார், ஏதோ அந்த டிரைவரை அவரே எழுதின மாதிரி.

எதிர்வீட்டு அத்தையிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "அதனால என்ன, போயிட்டு வந்ததுலேர்ந்து முட்டி வலி இல்லடி" என்றார். சரி.

கடைசியாக ஒரு நகலைப் பெரியப்பா தனியாக எடுத்து மடித்து வைத்தார். யாருடையது என்றேன். அந்த டவுன் தம்பியுடையதாம். அன்றைக்குக் கூலி வேண்டாம், ஜாதகம் போட்டுக் கொடுங்க போதும் சார் என்றானாம். கன்னி ராசி, அஸ்தம். ஏழரையின் முதல் கட்டமான விரயச் சனி நடப்பு, சுப காரியங்களைத் தள்ளிப்போடவும் என்று அடித்துக் கொடுத்திருக்கிறது மெஷின். அவன் அம்மா பாபநாசத்தில் பார்த்து வைத்திருந்த பெண் வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியாயிற்று.

"ஐயோ பெரியப்பா, கன்னிக்கு ஏழரை 2014-லயே முடிஞ்சு போச்சு. உடனே போன் பண்ணிச் சொல்லுங்க."

பெரியப்பா செத்த பேட்டரியை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"எப்படியும் ஆடில யாரும் பேச மாட்டாங்க. ஆவணி பொறக்கட்டும், சொல்லிக்கலாம்."