ஒப்படைக்கும் முன் ஓட்டிப் பார்த்தது: 1974 சில்வர் ஷாடோ

இங்கிலாந்தின் குரூ நகரில் உருவான 1974ஆம் ஆண்டு ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷாடோ ஒன்றை, நண்பருக்காக நானும் மைத்துனரும் இரண்டு குளிர்காலம் சனிக்கிழமைதோறும் பிரித்துப் பூட்டினோம். அதை வாங்கியிருந்த அந்த நண்பர் ஞாயிறன்று வந்து எடுத்துச் செல்வதாக இருந்ததால், அதற்கு முந்தைய வாரத்தைச் சாலை ஓட்டத்துக்கென்று ஒதுக்கினேன். 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு பிரிட்டனில் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை என்பதால், நாங்கள் விட்ட பிழையை வேறொருவர் கண்டுபிடிப்பார் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

கொட்டகையை விட்டு வெளியே எடுக்கும் முன்பே முதல் குறை தெரிந்தது. இந்தக் காரில் எஞ்சினின் கேம்ஷாஃப்ட் இயக்கும் இரண்டு பம்புகள், நைட்ரஜன் அடைத்த இரண்டு உருண்டைக் கலன்களில் பிரேக் எண்ணெயை அழுத்தத்தோடு சேமித்து வைக்கின்றன. எஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணைத்து, சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு, அழுத்தம் குறைந்ததைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு, கலனுக்கு ஒன்றாக, எரியும்வரை பிரேக்கை எண்ணி எண்ணி மிதித்தேன். ஒரு விளக்கு 50 மிதி தாண்டியும் எரியவில்லை. மற்றது 14லேயே எரிந்துவிட்டது. நைட்ரஜன் கசிந்த கலன் என்பதில் சந்தேகமில்லை. முந்தைய உரிமையாளர் வைத்திருந்த ரசீதை நம்பி, அந்த ஒன்றை மட்டும் நாங்கள் கழற்றாமல் விட்டிருந்தோம். மாற்றிப் பூட்ட இரண்டு நாட்கள் போயின.

புதன்கிழமை மக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து பக்ஸ்டனுக்குப் போகும் ஏ537 மலைச்சாலையில் ஏறினோம். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை 6,750 சிசி வி8 எஞ்சின் மூச்சு வாங்காமல் இழுத்தது. வெப்பமானியின் முள்ளும் அசையவில்லை. இதில் கியர் நெம்புகோல் வெறும் மின் சுவிட்ச்தான், கியர்ப்பெட்டியை மாற்றுவது ஒரு சிறு மோட்டார் என்பதால், உச்சியில் நிறுத்தி, சூடாக இருக்கும்போதே 20 முறை மாற்றிப் பார்த்தேன், ஒருமுறையும் தடங்கவில்லை. பின்னாலிருந்து கேட்ட 'டொக்' சத்தம் மட்டும் வெகுநேரம் குழப்பியது. சஸ்பென்ஷனைச் சந்தேகித்துக் குனிந்து பார்த்தபின்தான், டிக்கியில் கட்டாமல் கிடந்த ஜாக்கி என்று தெரிந்தது.

இறக்கத்தில்தான் உண்மையான குறை வெளிப்பட்டது. "அத்தான், முன்னால வலது பக்கம் ஏதோ கருகுற வாசனை வருது" என்றார் மைத்துனர். ஓரங்கட்டி வெப்பமானித் துப்பாக்கியால் பார்த்தால், இடது பிரேக் டிஸ்க் 130 டிகிரி, வலது டிஸ்க் 210. ஜாக்கி வைத்துத் தூக்கியும் வலது சக்கரம் கையால் சுற்ற மறுத்தது. இந்தக் காரில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காலிப்பர்கள், அதாவது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கவ்விகள், உண்டு. ஒன்றின் நிப்பிளில் (எண்ணெயை வெளியேற்றும் திருகு) குழாயைச் செருகிக் காலித் தண்ணீர் பாட்டிலில் விட்டுத் திறந்தேன், மாற்றமில்லை. அடுத்ததைத் திறந்ததும் ஒரு கரண்டி எண்ணெய் பீய்ச்சியது, சக்கரம் சுதந்திரமாகச் சுழன்றது. பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் அப்படி விடுபட்டிருக்காது. எண்ணெய் திரும்பிப் போக வழியின்றி அழுத்தம் உள்ளேயே நின்றுவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஓட்டத் துணியாமல் மீட்பு வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மறுநாள் அந்தக் காலிப்பருக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். வெளியே புதிது போல் பளபளத்த அதன் உட்சுவர் உப்பி, மெல்லிய கம்பிகூட நுழையாத அளவுக்குத் துளையை அடைத்திருந்தது. காலிப்பரை மணிக்கணக்கில் தேய்த்துக் கழுவிய நாங்கள், பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று ஹோஸை விட்டது சோம்பல்தான். எல்லா ஹோஸ்களையும் மாற்றி, இந்தப் பம்புகளுக்கு வழவழப்பும் தரும் ஆர்ஆர்363 எண்ணெயையே மீண்டும் நிரப்பினோம்.

சனிக்கிழமை அதே இறக்கத்தில் இடது 124, வலது 127. கலன்கள் இரண்டும் 50 மிதியைத் தாண்டின. அந்த எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, அடுத்த ஆண்டு எண்ணிப் பார்த்து ஒப்பிடுமாறு நண்பரிடம் சொல்லி, டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன்.