667 என்ற எண்ணைத் தேடிப் போன அனுபவம்

கொரியத் தூதர் இ யே (1373–1445) கடற்கொள்ளையரிடமிருந்து 667 பேரை மீட்டு வந்தார் என்று பல இடங்களில் படித்திருந்தேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அறியும் ஆவலில், அன்று கொரியாவை ஆண்ட சோசன் அரசின், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆண்டேடுகளுக்குள் நானே இறங்கினேன்.

முதல் தடை பெயரே. ‘இ யே’ என்ற ஈரசையைக் கொரிய எழுத்தில் தேடினால் தொடர்பில்லாத சொற்களும் வந்து குவிகின்றன. சீன எழுத்தில் தேடி, அரசர் தேஜோ முதல் சேஜோங் வரையிலான ஆட்சிகளோடு நிறுத்திய பின்னரே வழி தெளிந்தது. அடுத்தது நாட்கணக்கு. உல்சான் ஊரின் ஆளுநரைக் கொள்ளையர் கடத்த, எழுத்தராயிருந்த இ யே தாமே பின்தொடர்ந்து சென்ற நிகழ்ச்சி 1396ஆம் சந்திர ஆண்டின் கடைசி மாதத்தில் வருகிறது. அது பெரும்பாலும் அடுத்த ஆண்டு ஜனவரியில் விழுவதால், நூல்கள் இரு ஆண்டுகளைக் குறிக்கின்றன.

விடை, அவர் இறந்த 1445ஆம் ஆண்டின் இரங்கற்குறிப்பில் இருந்தது. 1401இல் ஜப்பானின் இகித் தீவுப் பயணத்தில் 50 பேர். 1401 முதல் 1410 வரை 500 பேருக்கு மேல். 1416இல் ரியூக்யூவிலிருந்து (இன்றைய ஒகினாவா) 40 பேருக்கு மேல். 1422, 1424 பயணங்களில் 70 பேருக்கு மேல். 1443இல், எழுபதைக் கடந்த வயதில், ஜப்பானின் சுஷிமாத் தீவிலிருந்து 7 பேர். கூட்டினால் சரியாக 667 வருகிறது. ‘மேல்’ என்று பொருள்படும் ஒற்றைச் சீன எழுத்து மூன்று இடங்களிலும் கூட்டலில் உதிர்ந்துவிட்டது. 1401ஆம் ஆண்டோ முதலிரு வரிகளிலும் வருகிறது. அந்த 50 பேரை 500க்குள் அடக்குவதா, தனியே நிறுத்துவதா என்பது கூட்டுபவரின் முடிவாகிறது. எனவே நான் இப்போது கூட்டுத்தொகையை எழுதுவதில்லை, பயணவாரியாகவே எழுதுகிறேன்.

அதே குறிப்பில்தான் அவருடைய தாயைப் பற்றியும் படித்தேன். அவருக்கு எட்டு வயதாயிருந்தபோது தாயைக் கொள்ளையர் கொண்டு போனார்கள். 1400இல் அரசிடம் அனுமதி பெற்றுத் தூதர் யுன் மியோங்குடன் கடல் கடந்து, தீவுகளில் வீடு வீடாகத் தேடியும் தாய் கிடைக்கவில்லை. அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நெடுநேரம் ஆயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்ட பயணங்கள் என்று ஏடு சொல்வதை அதன் பிறகு வெறும் எண்ணாகப் பார்க்க முடியவில்லை.

சரிபார்க்க 1416ஆம் ஆண்டின் மூலப் பதிவையும் திறந்தேன். அங்கே ‘40க்கு மேல்’ என்பது 44 என்று துல்லியமாக இருக்கிறது. அவர்களில் ஒருவருக்குப் பெயரும் இருக்கிறது. ஹம்சாங் ஊரைச் சேர்ந்த சொன் ஒன்சுங், 1395இல், 14 வயதில் பிடிபட்டு, கைமாறி ரியூக்யூவுக்கு விற்கப்பட்டவர். அவர் ஊர் திரும்பியபோது பெற்றோர் இருவரும் இறந்து போயிருந்தனர். காலம் கடந்தாயினும் அவர்களுக்காகத் துக்கம் காக்க அனுமதி கேட்டார். அரசர் மனமிரங்கி உடையும் தானியமும் கொடுத்து அனுப்பினார்.