ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமை

நல்ல ஆராதனைன்னதும் கீபோர்டு, மைக், பாட்டு லிஸ்ட்டுன்னு ஓடுறோம். பைபிள்ல மத்தேயு 5:23-24 வேற இடத்துல ஆரம்பிக்குது: பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டு வந்த இடத்துல, சகோதரனுக்கு உங்கபேர்ல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே வச்சுட்டுப் போய் முதல்ல அவரோட ஒப்புரவாகுங்க, அதாவது சமாதானமாகுங்க, அப்புறம் வந்து செலுத்துங்கன்னு இயேசு சொல்றார். கவனிங்க, உங்களுக்கு அவர்மேல கோபம்னு இல்ல. உங்கபேர்ல அவருக்குக் குறை இருந்தா. இயேசு இதைச் சொன்னது கலிலேயாவுல, பலிபீடம் இருந்தது எருசலேம்ல. நடந்தா மூணு நாளாவது ஆகும். காணிக்கையை வச்சுட்டு ஊர் திரும்பி, ஒப்புரவாகி மறுபடி வரணும்னா ஒரு வாரம் போயிடும்!

நமக்கு ஒரு போன்தான். திருவிருந்து ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமையே பேசிடுங்க. (வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வசனம் போடுறது கணக்குல வராது.) செஞ்சதைச் செஞ்சதா சொல்லுங்க: "அண்ணே, கமிட்டியில உங்களைப் பத்திப் பேசினது என் தப்பு." "மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க"ன்னா காரியம் கெட்டுடும், பழி அவர் மனசுமேல போயிடுது. கடன் பாக்கின்னா திருப்பித் தர்ற தேதியையும் சொல்லணும். அவர் போனையே எடுக்கலைன்னா? எல்லாரோடும் சமாதானமா இருங்கன்னு சொல்ற ரோமர் 12:18லயே "கூடுமானால் உங்களாலானமட்டும்"னுதான் இருக்கு.