ஐ2பி: நிறுவிய பின் வரும் முதல் சில நிமிடங்கள்

ஐ2பி 2003 முதல் வளர்ந்துவரும் மென்பொருள். மையச் சர்வரை நம்பாமல், பயன்படுத்துவோரின் கணினிகளே ஒன்றுக்கொன்று தரவைக் கடத்தி, யார் யாருடன் தொடர்புகொள்கிறார் என்பதை மறைக்கின்றன. அதன் பாதுகாப்பைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதைப் புதிதாக நிறுவுபவர் எதிரே என்ன தோன்றுகிறது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நிறுவி முடித்ததும் உலாவியில் 127.0.0.1:7657 என்ற முகவரியில் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கிறது. உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது: ரீசீட் (reseed) சர்வர்கள் எனப்படும், புதியவர்களுக்கு முதல் அறிமுகத்தைத் தரும் சர்வர்களிலிருந்து சில கணினிகளின் விவரங்களைப் பெற்று, அவற்றின் வழியே மேலும் பல கணினிகளை அறிந்து, மென்பொருள் டனல்களை, அதாவது பல கணினிகளின் வழியே தரவு செல்லும் மறைவான பாதைகளை, அமைக்கத் தொடங்குகிறது. இந்த டனல்கள் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாக அமைக்கப்படுவதாலும், எந்தக் கணினி வேகமானது, எது நம்பத்தக்கது என்பது பழகப் பழகத்தான் தெரியவரும் என்பதாலும், தொடக்கத்தில் ஐ2பிக்குள் இருக்கும் தளங்கள் மெதுவாகத் திறப்பதும் திறக்காமலே போவதும் இயல்பு. புதியவர் கண்ணில் படுவதோ பக்கவாட்டில் இருக்கும் "ரிஜெக்டிங் டனல்ஸ்: ஸ்டார்ட்டிங் அப்" என்ற வரி. பிறருடைய தரவைச் சுமக்க இன்னும் தயாராகவில்லை என்று மென்பொருள் நேர்மையாகச் சொல்வதை அவர் கோளாறு என்று எடுத்துக்கொண்டால், குறை அவருடையதன்று. பதறிப்போய் அணைத்துவிட்டு மறுபடி தொடங்கினால், அதுவரை அமைந்த டனல்களும் போய்விடும்.

"இணைப்புகள் உருவாகின்றன, சில நிமிடங்கள் ஆகும், அணைக்க வேண்டாம்" என்று பக்கத்தின் உச்சியில் எழுதி, டனல்கள் தயாராகும்வரை தளங்களுக்கான சுட்டிகளை மங்கலாக வைத்தாலே பாதித் தொல்லை தீரும். இன்னொரு தொல்லை, அந்தத் தளங்களைத் திறக்க உலாவி ஐ2பி வழியே செல்லும்படி அதன் ப்ராக்ஸி அமைப்பை 4444 போர்ட்டுக்கு மாற்றுவது; அந்த வேலையை விண்டோஸுக்கான எளிய நிறுவல் தொகுப்பு ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறது.

தொடக்க வழிகாட்டியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இணைய வேகத்தை அளக்க எம்-லேப் என்ற வெளிச்சேவையைத் தொடர்புகொள்ள வேண்டியிருப்பதை முன்னதாகவே தெரிவித்து, வேண்டாமென்றால் தவிர்க்கவும் விடுகிறது. கேட்காமல் அளந்திருந்தால் வசதியாகத்தான் இருந்திருக்கும், ஆனால் இத்தகைய மென்பொருளுக்கு அது அழகில்லை.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பயனர் எந்தத் திரையில் கைவிட்டார் என்று சாதாரணச் செயலிகள் பின்தொடர்ந்து அறிந்துகொள்ளும்; தனியுரிமையைக் காப்பதாகச் சொல்லும் மென்பொருள் அந்த வழியில் போக முடியாது. எனவே உருவாக்குபவர்கள் புதியவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், அவர் எங்கே திகைக்கிறார் என்று பார்க்க வேண்டும். தொலைவில் இருப்பவர்களுக்கு, அனுப்பும் முன் முழுவதையும் படித்து, வேண்டாத வரிகளை நீக்கக்கூடிய ஒரு பதிவுக்கோப்பைத் தரலாம்.